அடமானம் வேண்டாம், எலக்ட்ரிக்கல் இடத்தை விடவும் வேண்டாம்

அல்சூரிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வணக்கம். இரண்டாம் பி.யூ.சி. (பிளஸ் டூ) முடித்த மகளுக்கு சி.இ.டி. நுழைவுத்தேர்வுத் தரவரிசைப்படி அரசு ஒதுக்கீட்டில் எலக்ட்ரிக்கல் பிரிவுதான் கிடைக்கும் என்றும், கணினி அறிவியல் படிக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்று அவளுடைய பெரியப்பா வற்புறுத்துவதாகவும், மேலாண்மை ஒதுக்கீட்டு இடத்துக்காக ஆம்பூர் வீட்டை அடமானம் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கலக்கம் நியாயமானதுதான். ஆனால் வீட்டை அடமானம் வைக்கக் கூடாது. பெரியப்பா அந்தக் கடனுக்கு ஒரு தவணைகூடக் கட்டப்போவதில்லை. பிடிக்காத பாடத்தை நான்கு ஆண்டுகள் படிக்கப்போவதும் அவரில்லை.

படிக்கிற நேரத்தில் அடுக்ககத்தின் பெஸ்காம் மின்கட்டண ரசீதுகளை வாங்கிவந்து, லிஃப்டுக்கு எவ்வளவு, தண்ணீர் மோட்டாருக்கு எவ்வளவு என்று கணக்கெழுதுகிறாள் எனக் குறைபட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அதுதான். மென்பொருள், வங்கி, அரசுத் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல உங்களைச் சுற்றிப் பலர் இருப்பார்கள். அவர்கள் சொல்லாத ஒரு துறையைப் பற்றி நான் சொல்கிறேன்: கட்டடங்களின் எரிசக்தித் தணிக்கை.

ஒரு கட்டடம் ஓராண்டில் செலவிடும் மின்சாரத்தை அதன் கட்டுமானப் பரப்பால் வகுத்தால், சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் வரும். துறையில் அதை ஈ.பி.ஐ., அதாவது எரிசக்திச் செயல்திறன் குறியீடு என்பார்கள். வகுத்தல் எளிதுதான், எதை எதால் வகுப்பது என்பதில்தான் தேர்ச்சி தேவைப்படுகிறது. ஓர் அலுவலகம் ஆண்டுக்கு 9 லட்சம் யூனிட் வாங்குகிறது, ஜெனரேட்டரில் 20,000 யூனிட் எடுக்கிறது, பரப்பு 5,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், குறியீடு 184. ஜெனரேட்டரை மறந்தால் அது 180 ஆகும். 2,000 சதுர மீட்டர் வாகன நிறுத்தத்தையும் பரப்பில் சேர்த்துவிட்டால் 131 என்று இறங்கி, வீணடிக்கும் கட்டடம்கூடச் சிக்கனமானதாகத் தெரியும். பாதித் தளங்கள் காலியாகக் கிடந்தாலும் எண் பொய் சொல்லும். இரவுபகலாக இயங்கும் கால் சென்டரைப் பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்தோடு ஒப்பிட, இயங்கும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெங்களூரின் மிதமான வானிலையில் 150 என்பதும், புழுக்கமான மும்பையில் 150 என்பதும் ஒரே தரமாகா. குளிரூட்டப்பட்ட பரப்பு எவ்வளவு என்பதையும் பார்த்தாக வேண்டும். குறியீடு உயர்ந்திருந்தால், தவறு குளிரூட்டும் இயந்திரமான சில்லரிலா, கண்ணாடிச் சுவரிலா, விடிய விடிய எரியும் விளக்கிலா என்று மாடி மாடியாக ஏறித் தேடுவது தணிக்கையாளரின் வேலை. ரசீதைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கும் உங்கள் மகளுக்கு இந்தக் குணம் இயல்பாகவே இருக்கிறது.

இதற்குச் சட்டத்தின் பின்புலமும் உண்டு. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. அதன்படி அமைந்த பி.இ.இ. என்னும் மத்திய அரசுப் பணியகம் 2007இல் வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது, 2009இல் அலுவலகங்களுக்கு இந்தக் குறியீட்டை வைத்தே நட்சத்திரத் தரம் வழங்கத் தொடங்கியது. 2022இன் திருத்தம் பெரிய குடியிருப்புகளையும் விதிகளுக்குள் கொண்டுவர வழிசெய்தது. தணிக்கையாளர் சான்றிதழுக்கு பி.இ.இ. தேசியத் தேர்வு நடத்துகிறது. எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் படித்தவர்கள் பணி அனுபவத்துக்குப் பின் அதை எழுதுகிறார்கள்.

முதல் சம்பளம் மென்பொருள் நிறுவனச் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். வெயிலில் மொட்டைமாடியிலும், இரைச்சலான இயந்திர அறையிலும் நிற்க வேண்டியிருக்கும். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதன் பிறகும் அவள் விரும்பினால், கலந்தாய்வில் எலக்ட்ரிக்கலை முதல் விருப்பமாக அவள் கையாலேயே பதிவு செய்யட்டும். அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கடன் வாங்காதீர்கள். பெரியப்பாவிடம் இதை நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தே சொல்லுங்கள். அந்தப் பேச்சை மகளின் தலையில் கட்ட வேண்டாம்.