விழுந்தெழும்பும் பேரனும் வராத சிங்களமும்

கேள்வி: மகளின் பிள்ளைக்கு 13 மாதம். நடக்கப் பழகுகிறான். நாள் முழுக்க விழுகிறான், எழும்பித் திரும்பவும் நடக்கிறான். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து இத்தனை வருஷமாகியும் சிங்களம் கதைக்கப் பழகவில்லை. பிழை விட்டால் சிரிப்பார்களோ என்ற பயத்தில் ஆங்கிலத்திலேயே சமாளித்து விடுகிறேன். இவனைப் பார்த்து நான் ஏதாவது பழகலாமா, இல்லை இந்த வயதில் அதெல்லாம் சரிவராதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாகப் பழகலாம், அம்மா. நியூயோர்க் பல்கலைக்கழக உளவியலாளர் கேரன் அடோல்ஃபும் அவருடைய குழுவும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதம் வரையான பிள்ளைகள் தம்பாட்டில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைப்பதையும் 17 தரம் விழுவதையும் எண்ணியிருக்கிறார்கள். நீங்கள் ஒரு மாதத்தில் எத்தனை சிங்கள வசனம் கதைத்திருப்பீர்கள்? வயதைக் குறை சொல்ல முதல் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அதே ஆய்வில் எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. நன்றாகத் தவழத் தெரிந்த பிள்ளை ஏன் அதை விட்டுவிட்டுத் தள்ளாடித் தள்ளாடி நடக்க வேண்டும் என்று கேட்டுக் கணக்குப் பார்த்தால், புதிதாக நடக்கிற பிள்ளை தவழ்கிற பிள்ளையை விடக் கூடுதல் தூரம் போகிறது, போன தூரத்துக்கு விழுவதும் அப்படியொன்றும் அதிகமில்லை. உங்களுக்கு ஆங்கிலம்தான் அந்தத் தவழல். அது கைகொடுக்கும் வரைக்கும் சிங்களம் நாக்கில் ஏறாது.

அப்புறம், பேரன் விழுந்த கையோடு என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். அநேகமாக உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். நீங்கள் "ஐயோ!" என்று பதறினால் வாய் கோணும், "ஒண்டுமில்லை, எழும்பு ராசா" என்றால் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிடுவான். உங்களுக்கும் அப்படி ஒரு முகம் வேண்டும். பிழை விட்டாலும் சிரிக்காமல் பொறுமையாகக் கேட்கிற ஒரு ஆள், பக்கத்து வீட்டு அக்காவோ மரக்கறிக் கடைக்காரரோ, ஒருவர் போதும்.

எல்லாமே பிள்ளையைப் போல வரும் என்று சொல்ல மாட்டேன். ஆறேழு மாதக் குழந்தைக்கு வேற்று மொழி ஒலிகளின் நுணுக்கமான வேறுபாடுகூடக் காதில் பிடிபடும், ஒரு வயதை எட்டும்போது வீட்டில் கேட்காத ஒலிகளில் அது மங்கத் தொடங்கும் என்று கனடாவில் ஜேனட் வெர்க்கர் 1984இலேயே காட்டினார். ஆகவே உங்கள் உச்சரிப்பில் தமிழ் வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், இருந்துவிட்டுப் போகட்டும். வசனம் அமைக்கிற விதத்தையும் இலக்கணத்தையும் ஆரம்பத்தில் சின்னப் பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான் வேகமாகப் பிடிப்பார்கள். தமிழைப் போலவே சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும், அதுவும் உங்களுக்கு வசதி.

நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போனால் "மேக்க கீயத?" (இது எவ்வளவு?) என்று கேளுங்கள். சொன்ன விலை விளங்காவிட்டால் சிங்களத்திலேயே இன்னொரு தரம் கேளுங்கள், ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டாம்.