ஸ்விட்ச் 2 பழைய கார்டை ஏத்துக்கலையா?

ப்ரோ, நின்டென்டோவோட பழைய ஸ்விட்ச் கேம் கன்சோல்ல ஓடிட்டிருந்த 256 ஜிபி மெமரி கார்டைப் புது ஸ்விட்ச் 2-ல போட்டா கேம் இறங்க மாட்டேங்குதுன்னு கேட்டிருக்கீங்க. கார்டும் கெட்டுப் போகல, ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரும் உங்கள ஏமாத்தல. ஸ்விட்ச் 2-ல கேம் வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு மட்டும்தான் செல்லும். சாதாரண கார்டுல இருக்கற ஸ்க்ரீன்ஷாட், வீடியோவை உள்ள எடுத்துக்கலாம், அவ்வளவுதான்.

அளவு ஒண்ணுங்கறதால ஸ்லாட்ல அழகா உக்காந்துடும், அதான் குழப்பமே. எக்ஸ்பிரஸ் கார்டைத் திருப்பிப் பாருங்க, மெட்டல் பின்னுங்க ரெண்டு வரிசையா இருக்கும். லேப்டாப்ல இருக்கற எஸ்எஸ்டி ஸ்டோரேஜ் போற அதே பிசிஐ எக்ஸ்பிரஸ்ங்கற வேகமான வழியில டேட்டா போகும். கடையில ‘எக்ஸ்ட்ரீம்’னு எழுதின கார்டை நீட்டுவாங்க. அது வேற, வாங்கிடாதீங்க.

என்னைக் கேட்டா இப்போதைக்கு கார்டே வேணாம். உள்ளேயே 256 ஜிபி இருக்கு. முடிச்ச கேமை அழிச்சாலும் சேவ், அதாவது நீங்க எதுவரைக்கும் ஆடினீங்கங்கற பதிவு, அப்படியே நிக்கும். ஒண்ணு மட்டும் கவனிங்க: கடையில வாங்கற கேம் பெட்டி மேல ‘கேம் கீ கார்டு’ன்னு போட்டிருந்தா உள்ள இருக்கற கார்ட்ரிட்ஜ்ல கேமைத் திறக்கற சாவி மட்டும்தான், முழு கேமும் டவுன்லோடு ஆகி இடத்தைத் தின்னும்.

பேட்டரிக்கு நின்டென்டோ சொல்ற கணக்கே 2-லேர்ந்து 6.5 மணி நேரம். பெரிய கேம்னா சென்னையில தாம்பரம் டூ பீச் ட்ரெயின்ல போறதுக்குத் தாராளமா தாங்கும், திரும்பி வர்றதுக்கு பவர் பேங்க் எடுத்துக்கோங்க.