காலி என்று சொல்லும் கருவியை நம்பலாமா?

கேள்வி: ஐயா, காலியாக இருக்கும் தொலைக்காட்சி அலைவரிசையைத் தானே கண்டறிந்து பயன்படுத்தும் காக்னிட்டிவ் ரேடியோதான் என் இறுதியாண்டுத் திட்டம். வீட்டில் சோதித்தால் ஓர் அலைவரிசையைக் காலி என்கிறது. அதே அலைவரிசையில் எதிர்வீட்டுத் தாத்தா செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்! கேட்கும் நேரத்தைப் பத்து மடங்கு கூட்டியும் பயனில்லை.
– பொறியியல் மாணவர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தம்பி, தாத்தாவின் ஆன்டெனா கூரைமேல் இருக்கும். உங்களுடையது எங்கே என்று எழுதவில்லை. சமையலறை மேசையில் என்று ஊகிக்கிறேன். சாட்ஸ்வர்த்தின் மேடுபள்ளத்தில் அதுவே பாதிக் காரணம்.

மீதிப் பாதி, வெறும் ஆற்றலை மட்டும் அளக்கும் முறை. சிக்னல் உண்டா இல்லையா என்று பிரிக்கும் உங்கள் வரம்பு கருவியின் இரைச்சலை நம்பியிருக்கிறது; கருவி சூடேறினால் அதுவும் மாறும். இரைச்சல் அளவில் 1 டெசிபல் ஐயம் இருந்தாலே, இரைச்சலைவிட ஏறத்தாழ 3.3 டெசிபலுக்கு மேல் தாழ்ந்த சிக்னலை விடிய விடியக் கேட்டாலும் பிரித்தறிய முடியாது. ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் அளந்தால் (டிபிஎம்), ஓர் அலைவரிசையின் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சலே சுமார் −105 டிபிஎம். காலித் தொலைக்காட்சி அலைவரிசைகளைப் பயன்படுத்தும் கருவிகளுக்கான ஐஇஇஇ 802.22 தரநிலையோ டிஜிட்டல் தொலைக்காட்சியை −116 டிபிஎம்மிலும் கண்டுபிடிக்கச் சொல்கிறது. நேரத்தைக் கூட்டி அங்கே போய்ச் சேர முடியாது.

சிக்னலின் அடையாளத்தைத் தேடுங்கள். நம் தென்னாப்பிரிக்கா ஏற்றிருக்கும் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் தொலைக்காட்சி முறையில், தரவைச் சுமக்கும் சிறு சிக்னல் துண்டான ஒவ்வொரு சிம்பலின் வால்பகுதியும் நகலாகி அதன் தலையில் ஒட்டப்படுகிறது. இரைச்சலில் இந்த ஒட்டு கிடையாது. தலையையும் வாலையும் ஒப்பிட்டுக் கூட்டிப் பாருங்கள்.

அதோடு நண்பர்கள் இருவரின் வீடுகளிலும் கருவி வையுங்கள். ஒவ்வொன்றும் 70 விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்து, காலியாக இருக்கும்போது 10 விழுக்காடு ‘சிக்னல் உண்டு’ என்று பொய்யாகக் கூவுகிறது என்று கொள்வோம். ஒன்று சொன்னாலே போதுமென்றால் கண்டுபிடிப்பு 97க்கு ஏறும். பொய்க்கூவலும் 27 ஆகிவிடும். குறைந்தது இரண்டு கருவிகள் சொல்ல வேண்டுமென்றால் 78, பொய் 3க்கும் கீழே. எனக்கு முதல் விதியே பிடிக்கும்: காலி அலைவரிசையை இழப்பதில் நமக்குத்தான் நட்டம், தாத்தாவின் செய்தியில் குறுக்கிட்டால் அவருக்கல்லவா நட்டம்! ஆனால் மூன்று கருவிகளும் ஒரே பள்ளத்தில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மூன்றும் சேர்ந்தே செவிடாகும். மேட்டில் ஒன்றாவது இருக்கட்டும்.

ஒலிபரப்பிப் பார்க்கும் ஆசை வந்தால் பொறுங்கள். நம் நாட்டுத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசாவின் 2018 விதிமுறைப்படி கருவி தன் இருப்பிடத்தைச் சொல்லி, தரவுத்தளத்திடம் அலைவரிசை கேட்டுப் பெற வேண்டும். தானே கேட்டுணர்ந்தது மட்டும் போதாது.