போட் நம்பர் ஞாபகம் இருக்கு, ஸ்கூல்ல நடந்தது இல்லையா?

கேள்வி: மேடம், எங்களுக்கு தங்கச்சிமடம். பையனுக்கு ஏழு வயசு, ஆட்டிசம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கரையில நிக்கிற விசைப்படகு நம்பரைப் பூரா ஒப்பிக்கிறான், எது யாரு போட்டுன்னும் சொல்றான். ஆனா ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா வாயே திறக்கிறதில்ல. எங்க மாமியார், 'அழுத்தக்காரன், வேணும்னே சொல்ல மாட்டேங்கிறான்'ங்கிறாங்க. அப்படித்தானா?

பதில்: அழுத்தமெல்லாம் இல்லம்மா, நான் சொன்னேன்னே மாமியார்கிட்ட சொல்லுங்க. போட் நம்பர் மாறாது, நேத்து பார்த்ததும் இன்னைக்கு பார்க்கிறதும் ஒண்ணேதான், ஆனா ஸ்கூல்ல நடந்தத சொல்லணும்னா யாரு, எங்க, எதுக்கப்புறம் எதுன்னு கோர்க்கணும், அதுல நாம என்ன பண்ணோம்னு தேடி எடுக்கணும், ஆட்டிசம் உள்ள நிறைய பிள்ளைங்களுக்கு இதுதான் சிரமம். லியோ கேனர்ங்கிற டாக்டர் 1943-லயே 11 பிள்ளைகளைப் பத்தி எழுதினப்ப, மனப்பாடத்துல கெட்டின்னு குறிச்சிருக்கார். அதுக்காக ஆட்டிசம்னாலே அபார மூளைன்னு சினிமா பார்த்துட்டு பேசுறவங்கள நம்பாதீங்க, எல்லாருக்கும் அப்படி இருக்காது.

'என்ன நடந்துச்சு'ன்னு மொட்டையா கேக்காதீங்க, பிடிச்சுக்க ஒண்ணு குடுங்க. நோட்டை விரிச்சு வச்சு 'இதை எந்த மிஸ் எழுதிப் போட்டாங்க', 'முட்டை சாப்பிட்டியா, வச்சிட்டியா'ன்னு கேளுங்க. சில பிள்ளைங்க கடைசியா காதுல விழுந்ததையே திருப்பிச் சொல்லும், அதனால இன்னொரு நேரம் வரிசைய மாத்தி 'வச்சிட்டியா, சாப்பிட்டியா'ன்னு கேட்டுப் பாருங்க, பதிலும் மாறினா அது பதில் இல்ல. 'கை கழுவி, சட்டை மாத்தி, பாயை எடுத்துட்டு வா'ன்னு மூணு வேலைய ஒரே மூச்சுல சொல்றதும் வேணாம், ஒண்ணு முடிஞ்சப்புறம் ஒண்ணு.

வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி நம்பர் ஒப்பிக்க வைக்கிறத நிப்பாட்டுங்க, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அந்த ஞாபகத்துக்கு உருப்படியா ஒரு வேலை இருக்கு. இந்தப் பிள்ளைங்க சொல்லாம கொள்ளாம கிளம்பிப் போறதும் தண்ணி பக்கம் போறதும் உண்டு, உங்களுக்கு வாசலத் தாண்டினா கடல். உங்க போன் நம்பரை போட் நம்பர் மாதிரியே ஒரு பலகையில பெருசா எழுதி மாட்டுங்க, ஒரே வாரத்துல ஏத்திக்குவான். ஆனா உங்ககிட்ட சொல்றவன் வேற ஆள் கேட்டா சொல்லுவான்னு நினைக்காதீங்க, டீக்கடை அண்ணன், வலை பின்ற அக்கா, பஸ் கண்டக்டர்னு வேற வேற ஆள விட்டு வேற வேற இடத்துல கேக்கச் சொல்லிப் பழக்கணும். அது படியிற வரைக்கும் சட்டை உள்பக்கம் நம்பரைத் தச்சு விடுங்க, வாசக்கதவுக்கு மேல் தாப்பாளும் போட்டுருங்க.