பழைய பேண்ட் சா வாங்கலாமா?

கேள்வி: 14 அங்குலச் சக்கரம் கொண்ட பழைய பேண்ட் சா (மேலும் கீழுமாக இரு சக்கரங்களில் வளையமாகச் சுற்றும் பிளேடால் அறுக்கும் இயந்திரம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பல வருடமாக ஓடவில்லை. வீட்டுப் பட்டறைக்கு வாங்கலாமா? எதையெல்லாம் சரிசெய்ய வேண்டியிருக்கும்?

பதில்: வார்ப்பிரும்புச் சட்டத்திலோ சக்கரத்திலோ விரிசல் இருந்தால் வேண்டவே வேண்டாம். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றாலும் நம்பாதீர்கள். துருவுக்கும் பேரிங் சத்தத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னாலே பெரும்பாலும் புதியது கிடைத்துவிடும்.

சக்கரத்தின் ரப்பர் டயர்தான் முக்கியம். நகத்தால் அழுத்துங்கள். கல்லாக இறுகியிருந்தாலோ, பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். பிளேடு ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அலைவதற்கு இது ஒரு பெரிய காரணம். பழைய ரப்பரையும் பசையையும் முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதியதை மாட்டுங்கள். துளி மிச்சமிருந்தாலும் அந்த இடம் மேடாகிச் சக்கரம் உதறும். பிளேடை விறைப்பாக வைக்கும் மேல் சக்கரத்து ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அதையும் மாற்றுங்கள். அது செத்துவிட்டது.

பிளேடு நீளத்துக்கு, இரு சக்கர மையங்களின் இடைத்தூரத்தை இரட்டித்து, அதோடு சக்கரத்தின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அளக்கும்போது மேல் சக்கரம் அதன் ஏற்ற இறக்கத்தின் நடுவில் இருக்கட்டும். பிளேடு பக்கவாட்டில் விலகாமல் தாங்கும் பக்க கைடுக்கும் பிளேடுக்கும் இடையில் ஒரு தாள் கன இடைவெளி போதும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள்.