கேட்டீர்கள், சொல்கிறோம்: ஆண்டிபட்டி தேர்தல் கதை

கே: பிரசாரத்துக்கு ஒருநாள்கூட வராமல் எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் ஜெயித்தார் என்கிறார்களே, நிஜமா? (வாசகர், உசிலம்பட்டி)

ப: நிஜம்தான். 1977ல் அருப்புக்கோட்டை, 1980ல் மதுரை மேற்கு என்று நின்றவருக்கு 1984ல் ஆண்டிபட்டி புதுத் தொகுதி. அந்த அக்டோபரில் உடம்பு முடியாமல் சென்னையில் சேர்க்கப்பட்டு, நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பர் 24ல் வாக்குப்பதிவு, வேட்பாளரோ கடல்தாண்டிப் படுக்கையில். ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே வதந்தி ஓடியது. அதற்குப் பதில் சொல்லக் கட்சிக்காரர்கள் மருத்துவமனையில் எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். அதில் எம்.ஜி.ஆர். சாப்பிடுகிறார், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய மேடைப்பேச்சு தேவைப்படவில்லை. இந்திரா காந்தி படுகொலையின் அனுதாபம், காங்கிரஸ் கூட்டணி எல்லாம் சேர்ந்துகொள்ள, ஆண்டிபட்டியில் வித்தியாசம் 30 ஆயிரத்தைத் தாண்டியது. 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து முதல்வராகப் பதவியேற்றார். 1987ல் அவர் காலமானதும் ஒரு டிசம்பர் 24தான்.

கே: அப்படிப்பட்ட தொகுதியில் ஜானகி அம்மாள் ஏன் தோற்றார்? (வாசகி, போடி)

ப: சின்னம் இல்லை, அதுதான் முதல் காரணம். எம்.ஜி.ஆர். மறைந்தபின் கட்சி இரண்டாக உடைந்ததால் 1989ல் இரட்டை இலை முடக்கப்பட்டு ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். கணவர் தொகுதி, கைவிடாது என்று நம்பி நின்றார், ஆனால் ஒரே வீட்டு ஓட்டு புறாவுக்கும் சேவலுக்குமாகச் சிதறியதில் தி.மு.க.வின் ஆசையன் உள்ளே வந்துவிட்டார். அதே தேர்தலில் உங்கள் போடியில் ஜெயலலிதா ஜெயித்தார். கட்சி யாருக்கு என்ற கேள்விக்குத் தேனிப் பக்கத்து மக்கள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஆசையன் 1996லும் ஜெயித்தார், ஆனால் அது மாநிலம் முழுக்க அடித்த அலை.

கே: ஜெயலலிதா ஆண்டிபட்டியில் நின்றது 2001லா, 2002லா? எங்கள் வீட்டில் ஒரே சண்டை. (வாசகர், திண்டுக்கல்)

ப: இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி, சண்டையை நிறுத்துங்கள். 2001ல் நான்கு தொகுதிகளில் மனு போட்டார், ஆண்டிபட்டியும் அதில் ஒன்று. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் இங்கே மனு தள்ளுபடி, மற்ற மூன்றும் தேறவில்லை. மாற்று வேட்பாளராக மனு போட்டிருந்த தங்க தமிழ்ச்செல்வன் நின்று ஜெயித்தார். எம்.எல்.ஏ. ஆகாமலே முதல்வரான ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல, நாற்காலி ஓ.பன்னீர்செல்வத்துக்குப் போனது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும் தங்க தமிழ்ச்செல்வன் பதவியை விட்டுக் கொடுத்தார், 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் வென்று ஜெயலலிதா மறுபடி முதல்வர். 2006லும் அங்கேயே ஜெயித்தார், ஆட்சிதான் கிடைக்கவில்லை.

கே: அண்ணனும் தம்பியும் மோதிய தொகுதி இதுதானே? (வாசகர், கம்பம்)

ப: இதேதான், அதுவும் இரண்டு தடவை. 2017 செப்டம்பரில் டி.டி.வி.தினகரன் பக்கம் நின்று தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் தங்க தமிழ்ச்செல்வனும் ஒருவர், அதனால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஊருக்கு எம்.எல்.ஏ.வே இல்லை. குடிநீர்க் குழாய் வரவில்லை என்றால்கூட மனு கொடுக்க ஆளில்லாத காலம் அது! 2019 இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்கு அண்ணன் மகாராஜன், அ.தி.மு.க.வுக்குத் தம்பி லோகிராஜன். அண்ணன் 12 ஆயிரத்துச் சொச்சத்தில் ஜெயித்தார். தினகரனின் கட்சியான அ.ம.மு.க. பிரித்த ஓட்டு அதைவிட அதிகம். வாக்குப்பதிவுக்கு முன்பு அந்தக் கட்சியினரின் இடத்தில் வருமான வரிச் சோதனை நடந்தபோது 1.48 கோடி ரூபாய் சிக்கியது. உறைகளின் மேல் வார்டு எண், வாக்காளர் எண்ணிக்கை, தலைக்கு 300 என்று கணக்கு எழுதியிருந்தது. தகராறில் போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டியதாயிற்று. 2021லும் அதே அண்ணன், அதே தம்பி, அதே முடிவு. வித்தியாசம் மட்டும் 8 ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது.

கே: சினிமாக்காரர்களுக்கு மட்டுமே ராசியான தொகுதியா? (வாசகி, மதுரை)

ப: 1980ல் எஸ்.எஸ்.ராஜேந்திரன், 1984ல் எம்.ஜி.ஆர்., பிறகு ஜெயலலிதா. பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் 1989ல் தோற்ற ஜானகியும் நடிகைதான். இலை ஒன்றாக இருந்த தேர்தல்களில் இங்கே ஒரு அலை வந்தால்தான் அ.தி.மு.க. தோற்றது, இலை பிரிந்தால் யார் நின்றாலும் ஆட்டம் கண்டது.

கே: தங்க தமிழ்ச்செல்வன் இப்போது எந்தப் பக்கம்? (அதே வாசகி)

ப: 2019ல் தேனி மக்களவைத் தொகுதியில் அ.ம.மு.க.வுக்காக நின்று தோற்ற கையோடு தி.மு.க.வுக்குப் போனார். 2021ல் போடியில் ஓ.பன்னீர்செல்வத்திடம் தோல்வி. 2024ல் தேனி எம்.பி. தேர்தலில் தங்க தமிழ்ச்செல்வனிடம் தோற்றவர் டி.டி.வி.தினகரன், அதாவது பழைய தலைவர்!