கோ-கார்ட் திரும்ப மாட்டேன் என்கிறதா?

கேள்வி: மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் நாங்கள். பழைய ஸ்கூட்டர் இன்ஜினை வைத்து கோ-கார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டி செய்திருக்கிறோம். நேராக நன்றாக ஓடுகிறது. ஸ்டியரிங்கை ஒடித்தால் மட்டும் முன்டயர்கள் கிறீச்சிட்டுக்கொண்டு நேராகவே போகிறது. ஆட்டோரிக்ஷா டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) போட்டால் சரியாகுமா?

பதில்: போடாதீர்கள். எடை கூடும், காசும் வீண். பந்தய கார்ட்டுகளிலேயே டிஃபரன்ஷியல் கிடையாது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் பின்அச்சு ஒரே கம்பி; இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பின்சக்கரங்களின் இடைவெளி 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 90 பாகை திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 1.7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. ஒரே அச்சில் அது முடியாததால் இரண்டும் சேர்ந்து வண்டியை நேராகத் தள்ளுகின்றன. இதற்கு வழி, திரும்பும் நேரத்தில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்ப வேண்டும்.

அதை எழுப்பித் தருவது முன்பக்கத்துக் காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் பின்னோக்கிச் சாயும் அளவு. கிங்பின்னின் மேல்முனை ஓட்டுநர் பக்கம் சாய்ந்திருந்தால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உள்பக்க முன்சக்கரம் கீழே அழுந்தும், வெளிப்பக்கச் சக்கரம் மேலே போகும். பளு மூலைவிட்டமாக மாறி, உள்பக்கப் பின்சக்கரம் லேசாகிவிடும். மாணவர்கள் பெரும்பாலும் கிங்பின்னைத் தாங்கும் சி-பிராக்கெட்டை நிமிர்த்தியே வெல்டிங் செய்துவிடுகிறார்கள். வரைபடத்தில் அதுதான் அழகாகத் தெரியும்! 12 பாகை சாய்வில் ஆரம்பியுங்கள். முதலில் டேக் வெல்டிங் (தற்காலிகமாக ஆங்காங்கே வைக்கும் பற்று) மட்டும் போதும். ஸ்டியரிங் கொஞ்சம் கனமாகும், பரவாயில்லை.

வண்டியின் குழாய்ச் சட்டத்தையும் (ஃபிரேம்) பாருங்கள். தொய்ந்த கயிற்றுக் கட்டில் மாதிரி முறுகினால், காஸ்டர் கொடுக்கும் தூக்கல் அதிலேயே கரைந்துவிடும். அதற்காகக் குறுக்குக் குழாய்களை அடுக்கி இரும்புப் பெட்டியாகவும் ஆக்காதீர்கள். சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் மேடுபள்ளத்தைத் தாங்குவது அந்தக் குழாய்களின் நெகிழ்வுதான்.

அப்புறம் ஒரு சோதனை. சமதளத்தில் ஓட்டுநரை உட்காரவைத்து, இடது பின்டயர் ஏறி நிற்கும்படி அதன் அடியில் ஒரு தாளை வையுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்தபின் தாளை இழுங்கள். தாள் கிழியாமல் வந்தால் சரி. கிழிந்தால் முன் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஸ்பேசர் என்னும் இடைவளையம் போட்டுச் சக்கரங்களை வெளியே தள்ளி மறுபடி இழுத்துப் பாருங்கள்.